மாதா தந்த பிள்ளையும் டொக்டர் சொன்ன பெயரும்

என் மகள் நாலு வயதில் மாதாவின் மன்றாட்டுமாலையை முழுவதும் பாடமாகச் சொல்லுவாள். ஒரு வரி பிசகாது. ஆனால் விடாய்த்தால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாது. குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, 'விடியற்காலத்தின் நட்சத்திரமே' என்பாள். அதுதான் அவளுடைய தண்ணீர் என்று நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு நிமிசம் யோசிக்க எங்கள் வட்டாரத்தில் என்னைத் தவிர ஒரு சீவன் இல்லை.

சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னார்த் தீவின் கரையோரம், கோயில் மணி கேட்கிற தூரத்துக்குள் முழு ஊரும் அடங்கிவிடும். ஆண்கள் கடலுக்கு, பெண்கள் கருவாட்டுக்கும் கோயிலுக்கும். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போகும். எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் பின்னேரம் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, மன்றாட்டுமாலை சொல்லி, அவித்த கடலை தின்று, பிளேன்ரீ குடித்துவிட்டுப் பிரிவார்கள். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வருடம் தொடங்கியது என் மகள்.

அவளை முன்னுக்கு இருத்தியது என் மச்சாள். என் புருசனின் மூத்த அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர், வட்டாரத்தில் செபமாலைக்குப் பொறுப்பானவர், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பிள்ளை பகல் முழுவதும் அவருடன்தான் நிற்பாள். அவர் செபம் சொல்லச் சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் இவளுக்கு அவ்வளவும் வந்தது.

"மடு மாதாவிட்டக் கேட்டு வாங்கின பிள்ளை. வாய் திறந்தா செபம்தான் வருது. கன்னியாஸ்திரியாப் போவாள், நீ இருந்து பார்" என்பார்.

மடுவுக்கு நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, கைதட்டிச் சிரித்தால் முகத்தைப் பார்க்காத பிள்ளையை, மிக்சர் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உருளுகிற பிள்ளையை, 'பக்தி' என்று சொல்லி மூடி வைக்க என்னால் முடியவில்லை. எனக்குப் பொறுமை குறைவு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் அம்மா என்னை 'வெடிமருந்து' என்று கூப்பிடுவா.

அடுத்த தையில் இல்லாவிட்டால் அதற்கடுத்த தையில் பள்ளிக்கூடம். மச்சாளுக்குக் கவலையே இல்லை, இவ்வளவு பாடமாக்குகிறவள் படிப்பிலும் முதலாவதாக வருவாள் என்று நினைத்திருந்தார். எனக்கோ ஒரே கேள்விதான். மூத்திரம் வந்தால் சொல்லத் தெரியாத, அடித்தால் யார் அடித்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை ஒரு வகுப்புக்குள் விட்டுவிட்டு நான் எப்படி வீட்டுக்கு வருவது? இவளுக்கு இருப்பது என்ன என்று யாராவது எனக்குப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால்தான் வழி தெரியும். அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஊர் மருத்துவமாது முதலில் காதைச் சோதிக்க அனுப்பினா. காது நல்லாக் கேட்கிறது என்றார்கள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளைகள் டொக்டரிடம் காட்டத் துண்டுச்சீட்டு கிடைத்தது. கெட்டகாலம், அன்றைக்கு மச்சாளும் வெளிக்கிட்டு வந்துவிட்டார். "பிள்ளையைப் பற்றி என்னை விட ஆருக்குத் தெரியும்?" என்று பஸ்சில் ஜன்னல் பக்கத்தையும் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் என்னை விட இளமையான பெண். மேசையில் ஒரு கேள்வித்தாள். முதல் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டா. பதில் பக்கத்துக் கதிரையிலிருந்து வந்தது.

"பிள்ளை கதைப்பாவோ?"

"ஏன் கதைக்க மாட்டாள்? மன்றாட்டுமாலை முழுக்கச் சொல்லுவாள். உங்களுக்குத் தெரியுமோ அவ்வளவும்?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாப்பாவோ?"

"செபம் செய்யேக்க ஆர் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதெண்டு பழக்கி வைச்சிருக்கிறன்."

"ஏதும் வேணுமெண்டால் விரல் நீட்டிக் காட்டுவாவோ?"

"சீ! எங்கட பிள்ளையள் ஆருக்கும் விரல் நீட்டாதுகள், டொக்டர். நாங்கள் அப்பிடி வளக்கேல்ல."

"கற்பனையா விளையாடுவாவோ? சோறு கறி காச்சுற மாதிரி, பொம்மையை நித்திரையாக்கிற மாதிரி?"

"ஓம் ஓம், பூசை வைச்சு விளையாடுவாள். சிப்பியளை அப்பிடியே நேர்வரிசையில அடுக்குவாள், நற்கருணைக்கு ஆக்கள் வந்து நிக்கிற மாதிரி. ஒண்டை இஞ்சால அஞ்சால அசைச்சுப் பாருங்கோ, அழுது ஊரைக் கூட்டிப்போடுவாள். அவ்வளவு ஒழுங்கு!"

நான் "இல்லை டொக்டர், அப்படியில்லை" என்று வாயைத் திறக்கும் போதெல்லாம் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. அந்தப் புது இடத்தில் பிள்ளை மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டு கிடந்தாள். கடைசியில் "இப்ப ஒண்டும் முடிவாச் சொல்ல ஏலாது. கொஞ்சம் பாப்பம், பிறகு வாங்கோ" என்றா. மச்சாள் பரீட்சையில் பாஸ் பண்ணிய மாதிரி எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து நான் கத்திய கத்தலுக்கு மீன்வாடியில் நின்ற நாய்கூட எழும்பி ஓடியது. என் புருசன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல், "அக்கா பாத்து வளத்த பிள்ளை. அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"உங்கட அக்கா டொக்டரோ?"

"நீ டொக்டரோ?"

"நான் தாய்!"

அவர் வலையைக் கீழே வைத்தார். "அடுத்தமுறை நீ தனியப் போ. அக்காவுக்கு நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்" என்றார். அந்த மனுசனிடம் நான் எதிர்பார்த்ததை விட அது அதிகம்தான்.

அடுத்த மாதம், ஒக்டோபர் நடுவில், தனியாகப் போனேன். வெளியே வாங்கில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் பெண் ஒருவர் மகனுடன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொடியன் ஒரு போத்தல் மூடியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கதைத்துக்கொண்டு போக, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எங்கட வீட்டிலயும் இதே கதைதான்" என்றார் அவர். "மகன் பாங்கு கேட்டா அப்பிடியே திருப்பிச் சொல்லுவான். மாமி, 'இவன் மௌலவியா வருவான்' எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போச்சு. உங்களுக்குக் கன்னியாஸ்திரி, எங்களுக்கு மௌலவி. நல்லாத்தான் இருக்கு!"

உள்ளே நான் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டா. பிறகு பேனையை வைத்துவிட்டுச் சொன்னா:

"அம்மா, இது ரத்தம் எடுத்துப் பாக்கிற வருத்தமில்லை. படம் பிடிச்சுப் பாத்தாலும் தெரியாது. கேட்டும் பாத்தும்தான் சொல்லலாம். மற்ற ஆக்களோட எப்பிடிப் பழகுறா, கதைக்கிறதைக் கொண்டு என்ன செய்யிறா, திருப்பித் திருப்பி ஒண்டையே செய்யிறாவோ, சத்தம் வெளிச்சம் தாங்குறாவோ, இதெல்லாம் சின்னனிலயே தொடங்கினதோ, அதால அவவின்ர நாளாந்தச் சீவியம் தடைப்படுகுதோ. எல்லாத்தையும் பொருத்திப் பாக்கவேணும். அதுகும் ஒரு இடத்தில மட்டும் இருந்தால் போதாது. வீட்டில, வெளியில, எல்லா இடத்திலயும் இருக்கோ எண்டு பாக்கவேணும். நீங்கள் ஒரு பிள்ளையைச் சொல்லுறீங்கள். பிள்ளையின்ர மாமி வேற ஒரு பிள்ளையைச் சொல்லுறா. பகல் முழுக்கப் பிள்ளையோட நிக்கிறது அவதானே?"

"நான் பொய் சொல்லேல்ல, டொக்டர்."

"நான் அப்பிடிச் சொல்லேல்ல. அவவும் பொய் சொல்லேல்ல. அவவுக்குத் தெரியிறதைச் சொல்லுறா. நீங்கள் சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம், அவ தானாப் பாக்கட்டும். சரி, ஒண்டு கேக்கிறன். அந்தச் செபம் சொல்லேக்க பிள்ளை ஆரைப் பாத்துச் சொல்லுறவ?"

எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை! பஸ்சில் வரும்போதுதான் விளங்கியது. பிள்ளை சுரூபத்துக்கு நேரே முன்னால் இருப்பாள். நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால், முக்காடு போட்டுக்கொண்டு, பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு. அவளுடைய முதுகைத் தவிர நாங்கள் ஒன்றும் கண்டதில்லை. முகத்தைப் பார்த்தது மாதா ஒருவர்தான்.

அந்தக் கிழமையே சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மேசைக்கு வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, கடலையை அடுப்பில் வைத்துவிட்டு, நான் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். செய்யாமல் விடுகிற எண்ணம் துளியும் இல்லை. செபமாலை முடிந்தது. மச்சாள் பிள்ளையின் முதுகில் தட்டி மன்றாட்டுமாலையைத் தொடங்கச் சொல்ல, நான் எழும்பினேன்.

"எல்லாரும் ஒரு உதவி செய்யவேணும். இண்டைக்கு ஒருத்தரும் பதில் சொல்லாதேங்கோ. வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ."

முக்காடுகள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின.

"என்னடி கதைக்கிறாய்?" என்றார் மச்சாள். "செபத்தில விளையாட்டோ? மாதாவுக்கு முன்னால நிண்டுகொண்டு!"

"விளையாடேல்ல மச்சாள். இது என்ர வீடு, என்ர பிள்ளை. மாதாவும் ஒரு பிள்ளை பெத்தவதானே, கோவிக்க மாட்டா. கோவிச்சாலும் அந்தப் பாவம் எனக்கு வரட்டும். உங்களுக்கு வராது."

பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு. என் புருசன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றவர், தொண்டையைச் செருமி, "அவ கேக்கிறதை ஒருக்காச் செய்யுங்கோவன்" என்றார். அவர் அக்காவுக்கு முன்னால் எனக்காகக் கதைத்தது அதுதான் முதல்தரம்.

பிள்ளை தொடங்கினாள். முதல் வரி. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பழக்கதோசத்தில் ஒரு கிழவி 'எங்களுக்...' என்று இழுத்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் பதில் சொல்லுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் பிள்ளை நின்றாள். நின்றுவிட்டு அடுத்த வரி. மறுபடி அதே அளவு இடைவெளி. மறுபடி அடுத்த வரி. முழு அறையும் வாயடைத்துப் போய் இருக்கிறது, அவள் திரும்பவில்லை, திகைக்கவில்லை, ஏன் என்று ஒருதரம் பார்க்கவில்லை. வேறெந்தப் பிள்ளை என்றாலும் பாதியில் நிறுத்தி அழுதிருக்கும், இல்லாவிட்டால் சிரித்திருக்கும். நாங்கள் இருப்பதும் இல்லாததும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தது.

மச்சாள் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பிள்ளைக்கு முன்னால் போனார். சுரூபத்துக்கும் அவளுக்கும் நடுவில் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, "என்ர செல்லம், மாமியைப் பார். மாமியடி. இஞ்சை பார் ராசாத்தி" என்றார். பிள்ளை கழுத்தைச் சரித்து, அவருடைய காதுப்பக்கத்தால் மெழுகுதிரிச் சுவாலையைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னாள். மச்சாள் பக்கம் மாறினார். பிள்ளை மற்றப் பக்கம் கழுத்தைச் சரித்தாள்.

கடைசி வரி வரைக்கும் அப்படியே போனது. ஆமென் என்று அவளே சொல்லி முடித்தாள். மச்சாள் முழங்காலில் இருந்தபடியே இருந்தார். பிறகு நிலத்தில் கையூன்றி எழும்பி, யாரையும் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கடலையில் பாதி மிஞ்சியது.

எனக்கு வெற்றி என்று சந்தோசம் வரவில்லை. அந்த மனுசியின் முகத்தில் விழுந்த அடியை நான்தானே வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் திரும்ப ஒருமுறை செய்யவேண்டி வந்தால் திரும்பவும் செய்வேன். அதன் பிறகு பல நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. பிள்ளையை மட்டும் வழமைபோல் வந்து கூட்டிக்கொண்டு போவார். வேலிக்கு இங்காலிருந்து பார்ப்பேன். அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். செபம் ஒன்றும் கேட்கவில்லை.

கிளினிக் நாள் காலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனால், மச்சாள் எனக்கு முதலே அங்கே நிற்கிறார். பெருநாளுக்குக் கட்டுகிற சேலை, கையில் குடை.

"நானும் வாறன்" என்றார். "முந்திச் சொன்னதெல்லாத்தையும் மாத்திச் சொல்லவேணும். நீ நடுவில பூந்து கதையாதை."

உள்ளே போய், டொக்டர் கேட்கும் முன்பே தொடங்கிவிட்டார். "நான் அண்டைக்குச் சொன்னது பிழை, டொக்டர். கூப்பிட்டாத் திரும்பாள். நான் பழக்கினதால இல்லை. விரல் நீட்டாள். என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்ப் போத்தலில வைப்பாள், என்ர கை ஏதோ அகப்பை மாதிரி. சிப்பி அடுக்கிறது பூசை விளையாட்டில்லை, சும்மா அடுக்கிறாள். அவள் செபம் சொல்லுறது..." அதில் நிறுத்தி, பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "அவள் எங்களுக்குச் சொல்லேல்ல, டொக்டர். ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

டொக்டர் இந்தமுறை நிலத்தில் இறங்கி, பிள்ளைக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருந்து விளையாடிப் பார்த்தா. சவர்க்கார முட்டை ஊதினா, பந்தை ஒளித்தா, பெயர் சொல்லிக் கூப்பிட்டா. பிறகு கதிரைக்கு வந்து, கேள்விகளை ஒவ்வொன்றாக இரண்டு பேரிடமும் திரும்பக் கேட்டா. இந்தமுறை இரண்டு பேரும் ஒரே பிள்ளையைச் சொன்னோம்.

"இதுக்கு ஓட்டிசம் எண்டு சொல்லுறது" என்றா.

மச்சாள் அந்தச் சொல்லை மெல்ல ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "அப்ப மாதா தந்ததில்லையோ?"

"ஆர் தந்தது எண்டு எனக்குத் தெரியாது, அம்மா. பிறக்கேக்கயே அவவின்ர மூளை வேற மாதிரி வேலை செய்யுது. நீங்கள் வளத்த பிழையுமில்லை, செபம் சொல்லிக் குடுத்த பிழையுமில்லை. இது மாறிப்போற வருத்தமில்லை. ஆனால் பழக்கலாம், நிறையப் பழக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு முன்னம் வந்தது நல்லதாப் போச்சு."

நான் இவ்வளவு நாளாகச் சண்டை பிடித்துக் கேட்ட பெயர். கையில் கிடைத்ததும் வெளியே ஓடிவந்து சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். இல்லை என்று சொல்லிவிடுவா என்று என் மனசில் ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கிறது. வெட்கக்கேடு! அது எனக்கு அந்த நிமிசம்தான் தெரிந்தது. எருக்கலம்பிட்டிப் பெண் வாங்கிலிருந்து எழும்பி வந்து தோளைப் பிடித்தார்.

"அழுங்க, அழுங்க. ஆனாக் கெதியா அழுது முடிங்க. கதைக்கப் பழக்கிற மிஸ்சுக்கு அங்கால நம்பர் குடுக்கிறாங்க. பிந்தினா அடுத்த கிழமைதான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேலை. கதைக்கப் பழக்குகிற மிஸ் சொல்லித் தந்தது கேட்க லேசு, செய்து பார்த்தால் தெரியும். பிள்ளைக்கு வேண்டியதை நாங்களாக விளங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது. இரண்டு கையிலும் இரண்டு சாமானைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே குந்தியிருந்து, 'வேணுமோ, வேண்டாமோ' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் ஒரு பார்வை பார்த்தாலும் போதும், ஒரு சத்தம் போட்டாலும் போதும், உடனே கொடுக்க வேண்டும். காத்திருக்கிறதுதான் என்னால் முடியாத விசயம். வெடிமருந்துக்குப் பொறுமை படிப்பிக்கிறது லேசோ? மச்சாளுக்கு அது வந்தது. அந்த மனுசி கருவாட்டை வெயிலில் போட்டுவிட்டு, கையில் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கால் விறைக்க விறைக்கக் குந்தியிருக்கும். என் புருசன் இடையில் புகுந்து பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டால், "டேய், கெடுத்துப்போட்டியே!" என்று தம்பியைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. நான் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

மாதக்கணக்கில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒருநாள் பழத்தைப் பார்த்தாள், மச்சாளின் கையைப் பார்த்தாள். அதோடு சரி. அதற்கே மச்சாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில், யாருக்கோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அடுத்த வீட்டார் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிபரிடம் போய் நான் வாதாடியது தனிக்கதை. டொக்டர் சொன்ன பெயரை அவர் மேசைக்கு முன்னால் சத்தமாக, கூசாமல் சொன்னேன். ஒரு வருடம் பிந்தி, நானும் வகுப்பில் கூட இருக்கலாம் என்ற சம்மதத்தோடு இடம் தந்தார்.

மறுபடி ஒக்டோபர் வந்தது. முதல்நாள் சுரூபம் மச்சாள் வீட்டுக்கு. சனம் நிறைந்திருந்தது. பிள்ளைக்கு என்ன என்று ஊருக்குத் தெரிந்திருந்தாலும், பழைய ஆசை யாருக்கும் விட்டுப்போகவில்லை. செபமாலை முடிய, பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "பிள்ளை சொல்லட்டுமன். அவள் சொன்னால்தானே கேக்கிறதுக்கு நல்லாயிருக்கும்."

மச்சாள் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து, பிள்ளைக்கு நேரே நிலத்தில் குந்தினார்.

"மன்றாட்டுமாலை சொல்லுறியோ? வேணுமோ, வேண்டாமோ?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிள்ளை துணியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தாள். மெழுகுதிரியைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, மச்சாளின் கண்ணை நேரே பார்த்து, தெளிவாக,

"வேண்டாம்" என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்து ஒரு மனிதரைப் பார்த்து, அந்த மனிதருக்கென்று சொன்ன முதல் சொல் அது. பின்னாலிருந்த பெண், "ஐயோ, என்ன பிள்ளை இது, மாதாவுக்கு முன்னால..." என்று தொடங்கினார்.

மச்சாள் கண்ணீரைத் துடைக்காமலே அந்தப் பக்கம் திரும்பினார்.

"கேட்டனீங்களெல்லோ? பிள்ளை வேண்டாம் எண்டிட்டாள். வேற ஆராவது தொடங்குங்கோ."